ஆனி மாத வெயிலில் ஒரு மங்கி குல்லா

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இப்போது ஒன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சர் போன மாதம் எனக்குப் போன் செய்தார். பின்னால் ஒரே கொட்டுச் சத்தம். ஏதோ கல்யாண வீட்டிலிருந்து பேசுகிறார் என்று நினைத்தேன்.

"இல்ல சார், தெருவுல நிக்கிறோம். பிள்ளை பிடிக்க வந்திருக்கோம்" என்றார்.

கையில் பிளக்ஸ் பேனர், ஒரு மைக், முன்னால் இரண்டு கொட்டுக்காரர்கள். வாசல் வாசலாக நின்று, உங்கள் பிள்ளையை எங்களிடம் சேருங்கள் என்று கேட்டுக்கொண்டு போகிறார்களாம். மஞ்சள் வேன்கள் தெருவுக்குள்ளேயே வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிற காலத்தில், தமிழ்வழிப் பள்ளிக்கூடம் கொட்டடித்துத்தான் தன்னை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது.

"ஆண்டுவிழா மலர் போடுறோம் சார். உங்க காலத்துல சேர்க்கை எப்படி நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. அறிவுரை எல்லாம் வேணாம், நடந்ததை மட்டும் எழுதுங்க" என்றார். ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் அறிவுரை வேண்டாம் என்று சொல்வதற்குத் தனித் தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்துக்காகவே ஒப்புக்கொண்டேன்.

எங்கள் வீடு தறிக்கார வீடு. வீட்டில் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். எனக்குத் தறி வரவில்லை. தறியில் பாவு நூல் அறுந்தால் ஒட்டத் தெரியாத கையென்று அப்பா என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார். முடித்துவிட்டு வந்ததும் அருப்புக்கோட்டையில் மாதா கோயிலை ஒட்டியிருந்த கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. ஊரில் அதற்குச் சிஸ்டர் ஸ்கூல் என்றுதான் பெயர். நெற்றியில் விபூதியோடு போய் நின்றேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பு கேட்டேன், ஒன்றாம் வகுப்பைக் கொடுத்தார்கள். "ஒரு வருசம் பாருங்க சார், அப்புறம் மாத்திக்கலாம்" என்றார்கள். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்த ஒரு வருஷம் முடியவில்லை.

என் வேலைக்காலத்தில் ஐந்தாறு தலைமையாசிரியைகள் வந்து போனார்கள். எல்லாரும் சிஸ்டர்கள்தான். ஆனால் சேர்க்கை என்று சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது சிஸ்டர் பிலோமி மட்டும்தான். நாகர்கோவில் பக்கத்துக்காரர். நல்ல உயரம், ஒல்லி உடம்பு, சத்தமில்லாத நடை. வகுப்பில் நாம் கதை பேசிக்கொண்டிருந்தால் பின்னால் வந்து நிற்பது தெரியாது. திட்ட மாட்டார். "என்ன சார், பிள்ளைகளுக்குக் கேக்கலியாம், கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம் என்றிருக்கும்.

ஜூன் மாதம் சேர்க்கைக்கு வராந்தாவில் ஒரு மேஜை போடுவோம். மேஜைக்கு இந்தப் பக்கம் சிஸ்டர், பக்கத்தில் நான். அந்தப் பக்கம் நாற்காலிகள். பிள்ளையின் அம்மா உட்காருகிறவரை சிஸ்டர் உட்கார மாட்டார். காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் முதலில் கூச்சப்பட்டு நிற்பார்கள். சிஸ்டரும் நிற்பார். கடைசியில் அந்த அம்மாவுக்கே பாவமாகிப்போய் உட்கார்ந்துவிடும்.

பெற்றோரிடம் முதலில் எதுவும் கேட்க மாட்டார். பிள்ளையைப் பார்த்து, அவர் ஊர் வழக்கப்படி, "மக்களே, எனக்கு ஒரு டம்ளர் தண்ணி கொண்டா பாப்போம்" என்பார். வராந்தா மூலையில் மண்பானை இருக்கும். ஒன்று நாக்கைக் கடித்துக்கொண்டு தளும்பாமல் கொண்டுவரும். ஒன்று பாதியைத் தானே குடித்துவிட்டு மீதியைக் கொண்டுவரும். ஒன்று டம்ளரை மட்டும் கொண்டுவந்து நீட்டும். எல்லாருமே பாஸ்தான். இதில் என்ன சோதிக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் சோதிக்கல சார். நாளைக்கு வரும்போது பானை எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியும்ல. தெரிஞ்ச இடத்துல பிள்ளை அழாது" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை என்றால் சேர்க்கை காலை ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எட்டு மணிக்கே ஜனங்கள் வந்து காத்துக் கிடப்பார்கள். சிஸ்டர் அறைக்குள் எதையோ ஒதுங்க வைத்துக்கொண்டிருப்பார், வெளியே வர மாட்டார். வெள்ளிக்கிழமை வந்தவர்களுக்கும் அப்படித்தான். பத்தரை ஆனதும் சிஸ்டருக்குச் சத்துணவுக்கூடத்தில் அவசர வேலை வந்துவிடும், பன்னிரண்டு மணிக்குத்தான் திரும்புவார். இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது, அதெல்லாம் ராகுகாலம் என்று. வந்திருக்கிற ஜனங்கள் எதற்குத் தயங்குவார்கள் என்பது அவருக்குத் தெரியும். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். "எனக்கு என்னத்த சார் ராகு, கேது? கையில வேலை கிடக்கு" என்பார்.

சேர்க்கைக்கு அப்பா, அம்மா இரண்டு பேரும் வர வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். பிரிந்து வாழ்கிறவர்கள்கூட வர வேண்டும். அவர்களில் ஒருவரை ஒருவர் போய்க் கூப்பிடச் சொல்ல மாட்டார். இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லி அனுப்புவார். வராந்தாவின் இரண்டு ஓரத்திலும் இரண்டு பெஞ்சு இருக்கும். ஆளுக்கொரு பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சிஸ்டர் பிள்ளையின் பெயரைத்தான் கூப்பிடுவார். இரண்டு பேரும் எழுந்து வந்துவிடுவார்கள். "யாரு முதல்ல எந்திரிச்சான்னு நான் பாக்க மாட்டேன், நீங்களும் பாக்காதீங்க சார்" என்று எனக்குச் சொல்லி வைத்திருந்தார்.

அப்படி ஒரு ஆனி மாதத்துத் திங்கட்கிழமை. வருஷம் சரியாக நினைவில்லை, பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும். கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்த வருஷம். அந்த வெயிலில் ஒரு பையன் தலையிலிருந்து தாடைவரை மூடிய கம்பளி மங்கி குல்லா மாட்டிக்கொண்டு வந்து நின்றான். வயது ஆறு தாண்டியிருக்கும். முகத்தில் வேர்வை ஓடுகிறது. குல்லாவை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான். வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தன.

அப்பா கருப்பையா, சந்தையில் லோடு ஏற்றி இறக்குகிறவர். அம்மா பாண்டியம்மாள், நூல் மில்லில் வேலை. பையன் பெயர் முனீஸ்.

சிஸ்டர் வழக்கம்போலத் தண்ணீர் கேட்டார். பையன் அசையவில்லை. பானைக்குப் போனால் குல்லாவிலிருந்து ஒரு கையை எடுக்க வேண்டுமே.

"தலைக்கு என்ன மக்களே?" என்று கேட்டார்.

அவன் குல்லாவை இன்னும் கீழே இழுத்தான். அப்பாதான் சொன்னார். "முடி சிஸ்டர். எறக்காத முடி. தெருவுல பயலுக பொம்பளப் பிள்ளைன்னு கேலி பண்றானுக. போன வருசமே ஒரு ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனேன். வெட்டிட்டு வாங்கன்னுட்டாக. சலூன்ல உக்கார வச்சா பத்து நிமிச வேலை. இவ விட மாட்டேங்கிறா."

பாண்டியம்மாள் தலையைக் குனிந்தபடியே பேசினாள். "ரெண்டு பிள்ளையக் குழிக்குக் குடுத்துட்டு இவனை வாங்கியிருக்கேன் சிஸ்டர். மொத முடி உனக்குத்தான், வேற எங்கயும் கத்தி படாதுன்னு எங்க சாமிட்ட சொல்லித்தான் வாங்கினேன். சலூன்ல வெட்டிட்டு நாளைக்கு இவனுக்கு ஒரு காச்சல் வந்தா, நான் யாரைக் கேப்பேன்?"

"அப்ப சாமிக்கிட்டயே போய் எடுத்துற வேண்டியதுதான?"

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கருப்பையா விவரம் சொன்னார். பரளச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர்தான் அவர்களுக்குப் பூர்வீகம். குலசாமி காட்டுக்குள் இருக்கிறது. சாமியின் ஆடையும் ஆபரணமும் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். அந்தப் பெட்டி வந்து இறங்கித் திறந்தால்தான் கும்பிடு, முடியிறக்கு, காதுகுத்து எல்லாம். பெட்டி ஒரு பங்காளி வீட்டில் இருக்கும், சாவி இன்னொரு பங்காளி வீட்டில் இருக்கும். யாரும் தனியாகத் திறந்துவிடக் கூடாது என்று முன்னோர் செய்து வைத்த ஏற்பாடு. அவர்கள் நல்லதை நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள். ஒரு வருஷம் கும்பிடும்போது மரியாதையாகக் கொடுக்கும் முதல் தேங்காய் மூடி யாருக்கு என்று இரண்டு வீட்டுக்கும் தகராறு வந்தது. அன்றைக்குப் பிரிந்தவர்கள்தான். பெட்டி ஒரு வீட்டில் தூங்குகிறது, சாவி ஒரு வீட்டில் துரு ஏறுகிறது. அதன் பிறகு அந்த வகையறாவில் பிறந்த ஒரு பிள்ளைக்கும் முடி இறக்கவில்லை.

"எத்தனை பிள்ளைங்க இப்படி இருக்கு?" என்று கேட்டார் சிஸ்டர்.

"பத்துப் பன்னெண்டு தேறும் சிஸ்டர். டவுனுல கொஞ்சம், பாலவனத்தத்துல கொஞ்சம், ஊருல கொஞ்சம்."

இந்த நேரம் பார்த்துப் பள்ளித் தாளாளரான பாதர் வந்துவிட்டார். புதிதாக வந்தவர், நல்ல மனுஷர், ஆனால் கறார். அவருடைய கறாருக்கும் காரணம் இருந்தது. இதற்கு முன் அவர் பார்த்த உயர்நிலைப் பள்ளியில் பையன்கள் கையில் கலர் கலராகக் கயிறு கட்டிக்கொண்டு சாதிக்கொரு கூட்டமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்தவர் இங்கே வந்ததும் கயிறு கூடாது, தொப்பி கூடாது, பையன்களுக்கு முடி ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டிருந்தார்.

பையனைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார். "பாவம்தான் சிஸ்டர். ஆனா இன்னைக்கு முடின்னு விட்டா நாளைக்குக் கயிறுன்னு வந்து நிப்பாங்க. வெட்டிட்டு வரச் சொல்லுங்க, சேர்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதிலும் தப்பு இல்லை.

கருப்பையா, "நான் சொல்லல?" என்பதுபோல மனைவியைப் பார்த்தார். அவள் பையனை இழுத்து மடியோடு சேர்த்துக்கொண்டாள். இந்த வருஷமும் போனால் அந்தப் பையன் பள்ளிக்கூடத்துக்கே வர மாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏழு வயதில் ஒன்றாம் வகுப்பில் உட்கார எந்தப் பையனுக்கும் வெட்கமாக இருக்கும். குல்லா வேறு. வீட்டிலேயே வளர்ந்து, பத்து வயதில் அப்பாவோடு லோடுக்குப் போய்விடுவான். இப்படிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிஸ்டர் பாதரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெற்றோரிடம், "அடுத்தாப்புல ஒரு திங்கக்கிழமை விட்டு மறு திங்கக்கிழமை வாங்க. அதுவரைக்கும் கத்தி எடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார். அவர்கள் படி இறங்கியதும் என் பக்கம் திரும்பினார்.

"சார், சனிக்கிழமை பரளச்சிக்குப் பஸ்ஸு எப்ப?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சிஸ்டர், நீங்க போயி அவுக சாமிப் பெட்டியைத் திறங்கன்னு சொன்னா ஊரு என்ன பேசும்? நம்ம மாதா கோயில்லதான் என்ன பேசுவாக?"

"பெட்டியைப் பத்தி யாரு பேசப் போறா? பிள்ளை கேட்டுப் போறோம். நீங்க இன்னைக்குச் சாயங்காலம் வீட்ல சொல்லிருங்க, சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வர நேரமாகும்னு."

போனோம். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் கருவேலங்காடு, அங்கங்கே கரிமூட்டத்துப் புகை. பஸ்ஸில் ஒரு கிழவர் சிஸ்டருக்கு எழுந்து இடம் கொடுத்துவிட்டு, என்னை மட்டும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். விபூதி பூசிய ஆளுக்கு இந்த அம்மாவோடு என்ன வேலை என்று நினைத்திருப்பார்.

முதலில் பெட்டி வீடு. அந்த வீட்டுக்காரர் பெயர் சேவுகன். காய்ந்த மனுஷர், குரல் மட்டும் கனம். நாற்காலி போட்டார், மோர் கொடுத்தார். சிஸ்டர் மழை, வெயில், ஆட்டுக்குத் தழை என்று எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "பேரப்பிள்ளைக எத்தனை?" என்று கேட்டார்.

"ஒரு பேரன். மகன் பாலவனத்தத்துல இருக்கான். அஞ்சு முடிஞ்சிருச்சு."

"பள்ளிக்கூடம்?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "முடி இருக்குல சிஸ்டர். கேலி பண்றாகன்னு போக மாட்டேங்கான். எங்கிட்ட பெட்டி ரெடியா இருக்கு. சாவிக்காரன் வந்து கேட்டா இப்பவே எறக்கிருவேன். அவன் வந்து கேக்கணும்."

சிஸ்டர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார். "பேரனை வர்ற திங்கக்கிழமைக்கு மறு திங்கக்கிழமை எங்க ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வாங்க. அப்பா அம்மா அப்புறமா வந்து கையெழுத்துப் போடட்டும், அன்னைக்கு நீங்களே வரணும். முடியோடயே வரட்டும்" என்று எழுந்துவிட்டார்.

சாவி வீடு இரண்டு தெரு தள்ளி. அங்கே ஆறுமுகம். நல்ல சதைப்பிடிப்பு, கடகடவென்று பேச்சு. அவருக்கு இரட்டைப் பேரன்கள், அருப்புக்கோட்டையில் மகன் வீட்டில் வளர்கிறார்கள். இரண்டு பேருக்கும் இடுப்புவரை முடி. "சாவி இந்தா இடுப்புலயே இருக்கு சிஸ்டர்" என்று தட்டிக் காட்டினார். "பெட்டிக்காரன் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டான்னா குடுத்துருவேன். அவன் கேக்க மாட்டான், அவனுக்கு அம்புட்டு கொழுப்பு."

சிஸ்டர் அங்கேயும் அதையேதான் சொன்னார். திங்கட்கிழமை, ஒன்பது மணி, நீங்களே வர வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. "அவுக வாராகன்னு இவுகளுக்குச் சொல்லல, இவுக வாராகன்னு அவுகளுக்குச் சொல்லல. இது பொய்யில சேராதா சிஸ்டர்?"

"யாராவது கேட்டாங்களா சார்?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமைக்குள் எனக்குத்தான் தூக்கம் போனது. வராந்தாவில் வெட்டுக் குத்து ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? அன்றைக்கு நான் அறைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். முதலில் வந்தது பாண்டியம்மாள் குடும்பம். முனீஸ் அதே குல்லாவோடு அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் சேவுகன் பேரனோடு வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். பேரன் தலையில் கொண்டை, அதில் சிவப்பு ரிப்பன்.

கடைசியில் ஆறுமுகம் வந்தார். இரண்டு பேரன்களையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு படி ஏறியவர், சேவுகனைப் பார்த்ததும் அப்படியே நின்றார். சேவுகன் எழுந்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டார். இரண்டு பேரும் கிளம்பப்போகிறார்கள் என்றே நினைத்தேன்.

சிஸ்டர் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. "மக்களே, எல்லாரும் ஆளுக்கொரு டம்ளர் தண்ணி கொண்டாங்க பாப்போம்" என்றார்.

இரட்டையர்கள் கையை உதறிக்கொண்டு பானைக்கு ஓடினார்கள். ரிப்பன் பையன் அவர்கள் பின்னால் போனான். டம்ளர் இரண்டுதான் இருந்தது. யாருக்கு முதலில் என்று இழுபறி. இழுபறியில் ஒருவனுடைய முடி அவிழ்ந்து முதுகெல்லாம் விழுந்தது. அவன் அதைச் சட்டை பண்ணவே இல்லை, டம்ளரிலேயே குறியாக இருந்தான்.

முனீஸ் பெஞ்சில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தான். வாயைத் திறந்துகொண்டு பார்த்தான். தன்னைப்போல் உலகத்தில் இன்னொருத்தன் இருப்பான் என்றே அந்தப் பிள்ளை நினைத்திருக்கவில்லை. மெதுவாக முந்தானையை விட்டான். இறங்கினான். பானைக்கு நாலு எட்டு இருக்கும்போது நின்று, இரண்டு கையாலும் குல்லாவைப் பிடித்துக் கழற்றினான். அது தாடையில் மாட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். முடி முழுக்க வேர்வையில் நனைந்து கற்றை கற்றையாகத் தோளில் விழுந்தது.

இரட்டையரில் ஒருவன் திரும்பிப் பார்த்தான். "ஏலே, உனக்கும் சாமி முடியா?"

"ஆமா."

"எனக்கும்தான். அரிக்குமாலே?"

"ரொம்ப அரிக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. டம்ளரை அவனிடம் கொடுத்துவிட்டான். பாண்டியம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்? அத்தனை வருஷ வேலையில் அந்தக் காலை மாதிரி ஒரு காலை எனக்குக் கிடைத்ததில்லை.

பெரியவர்கள் இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள். சேவுகன்தான் முதலில் வாயைத் திறந்தார். "யாரு மகன் இவன்?"

"எம் மகன் பெரியப்பா" என்றார் கருப்பையா.

"இம்புட்டு முடியா வளந்து போச்சு."

ஆறுமுகம் அவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வளராம? கும்பிட்டு எத்தனை வருசமாச்சு."

தேங்காய் மூடிச் சண்டைக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த முதல் பேச்சு அது என்று பிறகு கருப்பையா சொன்னார். பாதர் வந்து பார்க்கும்போது நாலு பையன்கள் நீள முடியோடு வராந்தாவில் தண்ணீர் சிந்தி விளையாடிக்கொண்டிருந்தார்கள். "என்ன சிஸ்டர் இது?" என்றார்.

"நாலு அட்மிஷன் பாதர். ஆவணி வரைக்கும் முடியோட வருவாங்க. ஆவணியில அவங்க சாமிட்ட எடுத்துருவாங்க." சொல்லிவிட்டுப் பெரியவர்கள் பக்கம் திரும்பினார். "அப்படித்தான?"

தலையாட்டுவதைத் தவிர இரண்டு பேருக்கும் வேறு வழி இல்லை. பாதர் பிள்ளைகளைப் பார்த்தார், கீழே கிடந்த குல்லாவைப் பார்த்தார். "ஆவணி வரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த இரண்டு மாதமும் எங்கள் வகுப்பில் நாலு கொண்டைகள் ஒரே பெஞ்சில் இருந்தன. கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் நாலு பேரைக் கேலி செய்வது ஒருவனைக் கேலி செய்வதுபோல் அவ்வளவு சுலபமில்லை.

ஆவணி முகூர்த்தத்துக்குப் பாண்டியம்மாள் வந்து எங்கள் இரண்டு பேரையும் அழைத்தாள். சிஸ்டர் போகவில்லை. "சாமிக்கு நான் வர்றதுல ஒண்ணும் இருக்காது சார். உங்க ஊருக்கும் எங்க ஆளுகளுக்கும் பதில் சொல்ல எனக்குத்தான் தெம்பு இல்ல. நீங்க போய்ட்டு வாங்க" என்றார். போனேன். காட்டுக்குள் ஒரு உடைமரத்தடி, நாலைந்து பீடம், பொங்கல் புகை. பெட்டி வந்து இறங்கியது. ஆறுமுகம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். துருப்பிடித்த பூட்டு மக்கர் செய்து, எண்ணெய் விட்டுத் திறந்தார்கள். குலவைச் சத்தத்தில் எனக்குப் புல்லரித்தது. பிள்ளைகள் தலையை நனைத்துக்கொண்டு தாய்மாமன் மடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நாவிதர் கத்தியைத் தீட்டினார். மரியாதை முடிந்துதான் கத்தி வைக்க வேண்டும்.

பூசாரி தேங்காயை உடைத்தார். முதல் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். சேவுகனைப் பார்த்தார், ஆறுமுகத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் கைகட்டி நின்றார்கள். பழைய சண்டை அப்படியே வந்து நடுவில் உட்கார்ந்துவிட்டது. பின்னாலிருந்து இளவட்டங்கள் இரண்டு பக்கமும் நெருங்கினார்கள். முனீஸின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு, போச்சு, பெட்டியை மூடப்போகிறார்கள் என்றுதான் தோன்றியது.

பெண்கள் வாய் திறக்கிற இடமில்லை அது. பாண்டியம்மாள் திறந்தாள்.

"பூசாரி அண்ணே, பெட்டியையும் சாவியையும் ஒரு எடத்துல கொண்டாந்து சேத்தது யாரு? எம் பிள்ளைய முடியோட சேத்துக்கிட்டது யாரு? அவுகளுக்குக் குடுங்க மொத மூடிய."

சொல்லிவிட்டு அவள் பின்வாங்கவில்லை. ஆறுமுகம் தொண்டையைச் செருமினார். "பிள்ள சொல்றது சரிதான்" என்றார். சேவுகன், "குடுங்க, குடுங்க, நேரமாகுது" என்றார். இரண்டு பேர் முகத்திலிருந்தும் பெரிய பாரம் இறங்கியது. பூசாரி அந்த மூடியைச் சிஸ்டருக்கென்று என் கையில் வைத்தார். கத்தி முனீஸின் தலையில் பட்டது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரித்தான்.

திங்கட்கிழமை காலை தேங்காய் மூடியைக் கொண்டுபோய் சிஸ்டர் மேஜையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"மொதல்ல நமக்கா குடுத்தாங்க?"

"நமக்குத்தான் சிஸ்டர். அப்புறந்தான் அவுக ரெண்டு பேருக்கும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு பிள்ளைதான சார் நாம சேத்தோம்" என்றார். "அவங்க நம்மள மொத்தமாச் சேத்துக்கிட்டாங்களே."

பிறகு சத்துணவுக்கூடத்து அம்மாவைக் கூப்பிட்டு, துருவிப் பொரியலில் போடச் சொன்னார். மதியம் பாதர் வந்தார். வரிசையில் சந்தனம் பூசிய நாலு மொட்டைகள் தட்டோடு நின்றதைப் பார்த்துச் சிரித்தார். "என்ன, இன்னைக்குப் பொரியல் வாசனையா இருக்கே?" என்றார். சிஸ்டர் ஒளிக்கவில்லை. எந்தத் தேங்காய், எங்கிருந்து வந்தது, யாருக்குப் போக வேண்டியது என்று எல்லாவற்றையும் சொன்னார். பாதர் அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய், முனீஸுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.